குடை பிடித்த கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு ரெண்டே ரெண்டுதான். ஒன்று மாத்திரை. இன்னொன்று, பேரப்பிள்ளைகள் செல்போனில் எடுத்து அனுப்புகிற போட்டோ. சாப்பிட்டால் போட்டோ, தூங்கினால் போட்டோ, கொட்டாவி விட்டால் அதற்கும் போட்டோ. போன வாரம் என் பேத்தி நான் இட்லி மாவு கரைப்பதை எடுத்து உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். நைட்டியோடு! மானம் போச்சு. அப்போதுதான் நினைத்துக்கொண்டேன், ஒரே ஒரு போட்டோவைப் பார்ப்பதற்காக ஒரு ஆடி மாதம் முழுக்க நாங்கள் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். அப்போது ஜில்லா தென்னாற்காடு. கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் கடலூர் போக வேண்டும். கலெக்டரைப் பார்த்த ஆள் எங்கள் தெருவில் ஒருத்தரும் கிடையாது என்பது வேறு விஷயம். எங்கள் தெருவுக்குக் கலெக்டர், தாசில்தார் எல்லாமே பெரிய வூடுதான். ஊரின் பாதி நிலம் அவர்களுடையது. எங்களுக்கு நிலம் என்று பார்த்தால் நகத்துக்கு அடியில் இருந்ததுதான். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் கூலிக்குப் போனார்கள். லீவு நாளில் நானும் பெரியம்மா மகளும் போவோம். அவள் என்னைவிட ரெண்டு வயது பெரியவள், அதனால் அக்கா. வாய் மட்டும் இருபது வயது பெரியது.

ஆனி கடைசியில் பெரிய வூட்டில் விதை மல்லாட்டை உடைப்பார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிற பருப்பில் தோல் உரியக்கூடாது, உரிந்தால் முளைக்காது. அதனால் விரலால் அமுக்கித்தான் உடைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் கொழுக்கட்டையாக வீங்கிவிடும். பெரிய வூட்டம்மாவிடம் இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. உடைக்கிறவர்கள் பாடிக்கொண்டே உடைக்க வேண்டும். பாட்டு நின்றால் பருப்பு வாய்க்குள் போகிறது என்று அர்த்தம். உள்ளேயிருந்து அவர் குரல் வரும், பாட்டு எங்கே என்று. வெளியூர்க்காரர் யாராவது அந்தப் பக்கம் போனால், அடடா, எவ்வளவு சந்தோஷமாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார். அக்கா மட்டும் பாடிக்கொண்டே தின்னக் கற்றிருந்தாள். பாட்டில் இழுக்கிற இடம் வந்தால் வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுத்து, அந்த ம்ம்ம்முக்குள் மென்று முழுங்கிவிடுவாள். நம்மைப் பாடச் சொல்வது கேட்பதற்கு இல்லை, வாயைக் காவல் காப்பதற்கு என்று எனக்கு முதலில் சொன்னவள் அவள்தான்.

எங்கள் தெரு ஆட்களுக்கு அந்த வீட்டில் கொல்லைப்புறத்தோடு சரி. கூரைக்குக் கீழே போனதே இல்லை. அன்றைக்குத் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் நனைந்தால் பரவாயில்லை, விதை நனையக்கூடாதே! பெரிய வூட்டம்மா பரபரத்துப்போய், கூடைகளைத் தூக்கிக்கொண்டு நடைக்குள் வந்து உட்காருங்கள், அதற்கு மேல் ஒரு அடி வைக்காதீர்கள் என்றார். வாசற்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நடை. அந்த நடைச் சுவரில்தான் அந்தப் படம் மாட்டியிருந்தது.

பெரிய வூட்டுக்காரருடைய அப்பாவின் படம். வயலோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மீசை, ஜரிகை அங்கவஸ்திரம், கையில் கைத்தடி. தலைக்கு மேலே குஞ்சம் வைத்த பெரிய குடை. எல்லாரும் போலத்தான் நானும் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் இடுப்பில் குத்தினாள்.

"இங்க பாருடி. இந்தக் கை யாருது?"

படத்தின் ஓரத்தில் ஒரு கை. முழங்கை வரைக்கும்தான். அதற்கப்புறம் மரச்சட்டம் வந்துவிட்டது. அந்தக் கைதான் குடையைப் பிடித்திருக்கிறது. கைக்குச் சொந்தக்காரனின் தோள் இல்லை, முகம் இல்லை, ஒன்றுமே இல்லை. போட்டோக்காரர் அவ்வளவு கச்சிதமாக நிறுத்திவைத்திருக்கிறார். இன்னும் உற்றுப் பார்த்தால் அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

அன்றையிலிருந்து எங்களுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. எங்கே படத்தைக் கண்டாலும் நின்று மூன்று கேள்வி கேட்போம். யார் உட்கார்ந்திருக்கிறது? யார் நிற்கிறது? யாருக்கு மூஞ்சி இல்லை? டெய்லர் கடைக் காலண்டரில் ராணி ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பாள், விசிறுகிற பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். தினமும் போய் அதைப் பார்த்ததில், பெண்களுக்குத் தையல் கற்க ஆசை என்று டெய்லர் எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டார். ஊர்க் கோயில் சுவரில் பல்லக்கு எழுதியிருந்தது. தூக்குகிற நாலு பேருக்கும் ஒரே மூஞ்சி. உள்ளே இருக்கிற ராஜாவுக்கு மட்டும் மச்சம் கூட வைத்திருந்தார்கள். நாலு பேருக்கு நாலு மூஞ்சி எழுத சோம்பலா, சாயம் கம்மியா என்று அக்கா கேட்டாள்.

மொட்டை போடுவதற்காகத் திருக்கோவிலூர் போனபோது நாங்கள் சாமியைப் பார்க்கவே இல்லை. தூண் தூணாக நின்று, கீழே யார் நசுங்குகிறார்கள், மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் அம்மா பூரித்துப்போய், இந்த வயதில் இவ்வளவு பக்தி என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறும்போது சினிமா போஸ்டரை அண்ணாந்து பார்த்து அதே கேள்விகளைக் கேட்டோம். அங்கே மட்டும் முதுகில் அடி விழுந்தது. பக்தி அதோடு முடிந்தது.

அதே ஆடியில் புளி வாங்க மலைமேல் போன அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு ஊரில் சாமி தூக்கினார்கள். தூக்குகிறவர் களைத்ததும் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் தோளைக் கொடுப்பார், தூக்கினவர் வந்து வேடிக்கை பார்ப்பார். அக்காவுக்கு ரொம்பக் குழப்பமாகிவிட்டது. தூக்குகிறவன் யார், பார்க்கிறவன் யார் என்றே தெரியவில்லையே, இதை எப்படிப் படம் எழுதுவது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

இறங்கி வரும்போதுதான் அப்பா கேட்டார், இதென்ன ரெண்டு பேரும் கொஞ்ச நாளாக யாரைப் பார்த்தாலும் மூஞ்சி இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொள்கிறீர்கள் என்று. நான் நடைப் படத்தைச் சொன்னேன். மீசையைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், பாதி விரலைச் சொன்னேன். முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா நின்றுவிட்டார். புளி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"எந்த விரலு?"

ஆள்காட்டி விரல் என்றேன். அப்பா பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பெரிய வூட்டில்தான் வேலை செய்தார். கரும்பு ஆலையில் மாடு சுற்றும்போது விரல் மாட்டிக்கொண்டு பாதி போய்விட்டதாம். அப்பா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாத்தா காய்ச்சலில் செத்துப்போனார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததை அன்றைக்கு அப்பா சொன்னார்.

"எங்கப்பன் மூஞ்சி எனக்கு நெனப்பு இல்ல. எவ்ளோ யோசிச்சாலும் வரல. அந்த மொட்ட விரலு நெனப்பு இருக்குது. அதப் புடிச்சிக்கினுதான் நடப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை, அவளுக்கு ரோஷம் வந்தது. முகம் இல்லாத படத்தில் மிச்சம் இருப்பது ஒரு விரல், முகம் மறந்த மகனுக்கு மிச்சம் இருப்பதும் அதே விரல். அதை அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று அந்த மலைப்பாதையிலேயே முடிவு செய்துவிட்டோம்.

போய்ப் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள். கொல்லைப்புறத்தில் நிற்கிற ஆள் எப்படி நடைக்குள் போவது? என் அம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"போய்க் கேளேன்யா. பாத்தா இன்னா, தேய்ஞ்சா பூடும்?"

"இன்னாத்துக்குடான்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றார் அப்பா. உங்கள் அப்பாவின் படத்தில் என் அப்பாவைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால், பாகம் கேட்க வந்தவன் மாதிரி பார்ப்பார்கள். கூலியும் போய்விடும். அக்கா கரித்துண்டால் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கையை எழுதிக் காட்டினாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, முள்ளங்கி மாதிரி இருக்கிறது என்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின நாடகம் வந்தது. பெரிய வாத்தியாரே எழுதிய நாடகம். ஒரு ராஜா மனம் திருந்தி, ஜனங்களுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். அப்படிப் போன ராஜா எங்கே இருந்தார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ராஜா வேஷம் பெரிய வூட்டுப் பேரனுக்கு. நான் உயரம், அதனால் எனக்குக் குடை. அக்காவுக்குச் சாமரம். எங்கள் தெருப் பிள்ளைகள் மிச்சம் பேர் ஜனங்கள். அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

ஒத்திகையில் அக்கா ரொம்ப அடக்கமாகப் பெரிய வாத்தியாரிடம் போனாள். அரண்மனை என்றால் சுவரில் ராஜாவின் முன்னோர் படம் இருக்க வேண்டுமே சார் என்றாள். பெரிய வூட்டு நடையில் அப்படி ஒரு படம் பார்த்த ஞாபகம் என்றும் போட்டுவைத்தாள். வாத்தியார் மீசையைத் தடவினார். சாயங்காலம் பார்த்தால், தனக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்ததாக அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய வூட்டுக்காரர் உச்சி குளிர்ந்து ஒத்துக்கொண்டார். தன் அப்பா ராஜாவுக்கு முன்னோர் ஆவது யாருக்குத்தான் கசக்கும்?

விழா காலையில். கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, உடனே நாடகம். பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்ட மேடை, பின்னால் மூங்கில் தட்டி, தட்டியில் படம். அப்பா துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு விடியும்போதே வந்து, மேடைக்குப் பக்கத்தில் நிற்பதற்கு இடம் பிடித்துவிட்டார். கொடியைக் கூட அவர் பார்க்கவில்லை.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. நாடகம் ஆரம்பிக்கப்போகிற நேரத்தில் பெரிய வாத்தியார் ஆள் தண்டிச் சாமந்தி மாலை ஒன்றைக் கொண்டுவந்து படத்துக்குப் போட்டார். மரியாதையாம்! மீசையும் கைத்தடியும் மட்டும் தெரிந்தது. இந்த ஓரமும் அந்த ஓரமும் பூவுக்குள் போய்விட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி அப்பாவைப் பார்த்தேன். எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் தேடுவது என்று கூட அவருக்குத் தெரியவில்லை.

ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வசனம் பேசிக்கொண்டிருந்தான். நான் மெல்லப் பின்னால் நகர்ந்தேன். குடையைச் சாய்த்து, அதன் நுனிக் கம்பியால் மாலையை ஒதுக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒதுக்கினால் இன்னொரு பக்கம் நகர்ந்தது. ராஜா அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேல் குடை இல்லை. வசனத்தை நிறுத்திவிட்டு, "ஏ, குடை எங்க?" என்றான். கூட்டம் சிரித்தது. பதறிப்போய் நான் குடையை இழுத்தேன். மாலை அறுந்து, கிரீடத்தைத் தட்டிக்கொண்டு, நேராக ராஜாவின் மடியில் விழுந்தது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன்னோரே மாலை கொடுத்து ஆசீர்வதித்துவிட்டார் என்று அக்கா சாமரத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். கைதட்டு அடங்க ரொம்ப நேரம் ஆனது. பெரிய வாத்தியாரும் தட்டினார்.

கை இப்போது திறந்து கிடந்தது. என்ன பிரயோஜனம்? வெயில் ஏறிவிட்டது. அப்பா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் படத்தின் கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தலை மறைக்கிறது என்று அதட்டி உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தால் எங்கே தெரியும், புளியங்கொட்டை அளவுக் கை!

நாடகம் முடிந்து ராஜா காட்டுக்குப் போனார். நானும் அக்காவும் மேடையை விட்டு இறங்காமல் நின்றோம். அப்போது முன் வரிசையிலிருந்து எழுந்த பெரிய வூட்டுக்காரர், வேலை சொல்வதற்கு யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்ற அப்பா கண்ணில் பட்டார்.

"டேய், படத்த வூட்ல சேத்துடு. கண்ணாடி பத்திரம்."

"சரிங்க" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பெரிய வூட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேர் வழி இருக்கிறது. அப்பா சுற்று வழியில் எங்கள் தெருவுக்குள் திரும்பினார். நாங்கள் வேஷத்தோடு பின்னால் ஓடினோம். எங்கள் வீட்டு வாசலில் சுவரோரமாகப் படத்தைச் சாய்த்து வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். மீசை, நாற்காலி, அங்கவஸ்திரம் எல்லாம் துண்டுக்குள் போய்விட்டது. வெளியே இருந்தது குடையும் கையும்தான். அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

மெல்லத் தன் ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் அந்தப் பாதி விரல் மேல் வைத்தார்.

"குடை சாயவே இல்ல பாரு" என்றார். அவ்வளவுதான். கன்னமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அவரை அப்படி அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

தெருவே கூடிவிட்டது. எங்கள் தெருவில் போட்டோவில் இருக்கிற முதல் ஆள் ஆயிற்றே. ஆளாளுக்குக் குனிந்து பார்த்து, இந்தக் கைதான் எனக்குக் கிணற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தது, இந்தக் கையிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன் என்று கதை கதையாகச் சொன்னார்கள். என் அம்மா உள்ளே ஓடிக் குங்குமத்தைக் கொண்டுவந்து, மாமனாருக்கு வைக்க நெற்றியைத் தேடினாள். நெற்றி இல்லை. கையின் மேலேயே கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டாள். அதைத் துடைக்க வேண்டும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய வூட்டு வாசலில் அப்பா படியில் ஏறாமல் நின்று குரல் கொடுத்தார். பெரிய வூட்டம்மா வெளியே வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். வெயில், மெதுவாக வந்தேன் என்றார் அப்பா. அவர் துண்டை விலக்கியதும் அம்மாவின் கண் நேராகப் பொட்டுக்குத்தான் போனது.

"இன்னாடா இது, பொட்டு ஓரத்துல இருக்குது? எங்க மாமனார் நெத்தி இங்கதான இருக்குது."

அக்கா என் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தெரியாமல் பட்டுவிட்டது என்று அப்பா சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அது எங்கப்பன் கைங்கம்மா" என்றார் அப்பா.

அம்மா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். பொட்டைப் பார்த்தார். பொட்டுக்குக் கீழே இருந்த கையைப் பார்த்தார். கையிலிருந்து குடைக்கம்பு மேலே போவதைக் கூடவே போய்ப் பார்த்தார். மறுபடியும் கைக்கு வந்தார். கோபம் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து தெனம் பாக்கறேன்" என்றார். "குடை தானா நிக்குதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தை இப்போது நினைத்துப் பார்த்தாலும் அது நிஜம் என்றுதான் தோன்றுகிறது.

"அதெப்படிங்கம்மா தானா நிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

அந்த வீட்டில் அதுவரைக்கும் அவர் சரிங்க, ஆகட்டுங்க என்றுதான் சொல்லியிருக்கிறார். கேள்வி என்று ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். கேட்டுவிட்டு, தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதே முந்தானையின் நுனியைப் பொட்டைத் துடைக்க எடுத்தார், என்னவோ யோசித்துத் துடைக்காமல் விட்டார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வீட்டில் எல்லாரும் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள், ஆணி உயரத்தில் இருக்கிறது, நீயே உள்ளே போய் மாட்டிவிட்டு வா என்றார்.

அப்பா காலைத் துடைத்துக்கொண்டு நடைக்குள் போனார். அம்மா வாசலிலேயே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் குடையோடும் சாமரத்தோடும் வெயிலில் நின்றோம். ஒரு படத்தை ஆணியில் மாட்ட இவ்வளவு நேரமா என்று அக்கா கேட்டாள். பேசாமல் இருடி என்றேன்.